ரவுட்டருக்கு ஒரு காவல்காரன்

வானம் யானைக்கூட்டமாக இருட்டிக்கொண்டு வர, ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வீட்டு நெட் ரவுட்டருக்கு எதிரே நாற்காலி போட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். மின்னல் அடித்தாலும் தாங்கும், கரன்ட் போனாலும் ரவுட்டருக்கு உயிரூட்டும் என்று அவர் வாங்கிவந்த பேட்டரிப் பெட்டி பக்கத்தில் பளபளக்கிறது. வாங்கிப் பதினேழு நாள் ஆகியும் ஒரு நிமிஷம்கூட கரன்ட் போகவில்லை. "உங்க பெட்டியைப் பாத்துக் கரன்ட்டே பயந்துடுச்சுங்க," என்கிறாள் மனைவி. மூடிய கதவுக்குப் பின்னால் மகள் லேப்டாப் வழியாக வேலைக்கான நேர்காணலில் இருக்கிறாள். நெட் போனால் வேலையும் போச்சு. ஊரையே இரண்டாகப் பிளக்கிற மாதிரி ஓர் இடி. விளக்கு அணைகிறது, பிரிட்ஜ் ஒருமுறை முனகி ஓய்கிறது. சாம்பல் வெளிச்சத்தில் ரவுட்டரின் மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் துளியும் அசராமல் மினுங்குகின்றன. கத்திவிடக் கூடாதென்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார் மனிதர். "இடுப்புங்க, இடுப்பு!" என்று கிசுகிசுக்கிற மனைவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கதவு திறக்கிறது. வேர்வையில் தொப்பலாக நனைந்து மகள் நிற்கிறாள். "வேலை கிடைச்சிடுச்சுப்பா! ஆமா, நடுவுல ஃபேனை யாரு நிறுத்தினது?"