முப்பது வீட்டுச் சேதி

"இந்த ஒரு பகுதியில மட்டும் வேலை என்ன வானத்துல இருந்தா கொட்டுது?"

கேட்டுட்டுப் பேராசிரியர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

ஜனங்களுக்கு வேலை ஏன் போகுது, மறுபடி கிடைக்க எத்தனை மாசம் ஆகுது, இதுதான் அவரோட ஆராய்ச்சி. மாசா மாசம் அதே வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்டு எழுதிட்டு வர்ற பெண்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு முப்பது வீடு. அவங்களுக்கு மேற்பார்வை நான். பதினோரு பேர் பகுதியில வேலை கிடைக்கச் சராசரியா பத்து மாசம் ஆகுது. குடைக்காரம்மா பகுதியில நாலே மாசம். வெயிலோ மழையோ, குடை இல்லாம வெளிய வராத அம்மா அவங்க.

வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே எழுதித் தள்ளியிருப்பாங்க, சாயங்காலத்துக்குள்ள பார்த்துச் சொல்லுங்கன்னார் பேராசிரியர். பொய்னு தெரிஞ்சா மொத்த ஆராய்ச்சியையும் மேலிடத்துல நிறுத்திடுவாங்களாம்.

நிறுத்தினா எனக்கும் வேலை இல்லை. இதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் சும்மா இருந்தவன் நான். காலையில சட்டையை மாட்டிக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம வாசல்ல நிக்கிற கொடுமை எனக்குத் தெரியும். என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டாங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே கிளம்பினேன்.

குடைக்காரம்மா எழுதின படிவங்களோட வீடு வீடா ஏறினேன். மூணாம் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில சேர்ந்துட்டார்னு எழுதியிருந்தது. நம்பாம பட்டறைக்கே போனேன். மனுஷன் முகக்கவசத்தைத் தூக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பத்தாம் வீட்டுப் பொண்ணு, எழுதியிருந்தபடியே துணிக்கடையில பில் போட்டுக்கிட்டிருந்தா. மத்தியானத்துக்குள்ள இருபது வீடு முடிஞ்சுது. ஒரு வரிகூடப் பொய் இல்லை.

நிம்மதி வரணும் இல்லையா? வரலை. போன இடத்துல எல்லாம் ஒரே பேச்சு. "அந்தம்மா சொல்லித்தான் சார் இந்த வேலையே கிடைச்சுது."

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ஏழாம் வீட்டுக்காரர், தோள்பட்டை வலின்னு அந்தப் பட்டறையை விட்டு நின்னதைக் கேள்விக்குப் பதிலா சொல்லியிருக்கார். குடைக்காரம்மா அதை எழுதிக்கிட்டு, நேரா மூணாம் வீட்டுக்குப் போய், அங்க ஒரு இடம் காலி, உடனே போய்ப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. இப்படியே வீட்டுக்கு வீடு.

ஒரு வீட்டுல கேட்டது இன்னொரு வீட்டுக்குப் போகவே கூடாது. இதை முதல் நாளே படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினவன் நான். பொய் எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லை, கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதலாம். வேலை எப்படிக் கிடைக்குதுன்னு அளக்கப் போய் நாமே வாங்கிக் குடுத்தா, அது ஆராய்ச்சிக்கே வேட்டு.

தெருக்கோடியில குடைக்காரம்மாவைப் பிடிச்சுக் கேட்டேன். மறுக்கவே இல்லை.

"ஒரு வீட்டுல, ஏன் வேலையை விட்டீங்கன்னு கேட்கிறேன். அடுத்த வீட்டுல, எத்தனை மாசமா தேடுறீங்கன்னு கேட்கிறேன். நடுவுல பத்தடி சார். வாயை மூடிக்கிட்டு எப்படி சார் நடக்கிறது?"

"நடக்கணும்மா. அதுக்குத்தான் நமக்கு வேலை குடுத்திருக்காங்க. அடையாள அட்டையைக் குடுங்க."

கழுத்துல இருந்து கழட்டி, கயித்தைச் சுத்தி என் கையில வெச்சாங்க. எனக்குப் பாவமாத்தான் இருந்தது. ஆனா இரக்கப்பட்டா நாளைக்கு நானும் நடுத்தெருவுல நிக்கணுமே.

பழைய படிவங்கள் வீட்டுல பூட்டி இருக்குன்னாங்க. அதையும் கையோட வாங்கிட்டுப் போயிடலாம்னு கூடவே போனேன்.

கதவைத் திறந்தவர் அவங்க வீட்டுக்காரர். தேய்ச்ச சட்டை, படிய வாரின தலை. எங்கயோ கிளம்பற மாதிரி இருந்தார், ஆனா கால்ல செருப்பு இல்லை. நான் மேலதிகாரின்னு தெரிஞ்சதும் பரபரன்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். அவங்க படிவம் எடுக்க உள்ள போனதும் என் பக்கம் குனிஞ்சார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க நாலு இடம் போய் வர்றவர். வெல்டிங் வேலை எங்கயாவது காலின்னு கேள்விப்பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினாறு மாசமாச்சு. இவளும் முப்பது வீடு ஏறி இறங்குறா, ஒண்ணுகூட இவ காதுல விழலையாம்."

பட்டறையில சிரிச்ச மூணாம் வீட்டுக்காரர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்துது.

படிவக் கட்டை வாங்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். அவங்களும் பின்னாடியே வந்தாங்க. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன்ல கூப்பிட்டார்.

"ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை சார். எல்லாருக்கும் நிஜமாவே வேலை கிடைச்சிருக்கு. எப்படின்னு நாளைக்கு நேர்ல சொல்றேன். சொன்னப்புறம் அவங்களை அனுப்பணும்னா, என்னையும் சேர்த்து அனுப்புங்க"ன்னேன்.

அடையாள அட்டையை அவங்க கையில திருப்பிக் குடுத்தேன்.

"ஏம்மா, அந்தப் பட்டறை வேலையை முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட இல்ல சொல்லியிருக்கணும்?"

அவங்க உள்ள ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க.

"என்னை நம்பி ஒருத்தர் சொன்ன சேதி சார் அது. இன்னொருத்தர் வீட்டுக்குக் கொண்டு போனா உதவி. என் வீட்டுக்கே கொண்டு வந்தா, அது திருட்டு இல்லையா?"