ஓடும் மனிதன்

ஓக்லஹோமாவில் எங்கள் ஊரை நோக்கிச் சூறாவளி வந்துகொண்டிருந்தது. அபாயச் சங்கை இயக்கும் யுனிக்ஸ் கணினியோ மசியவில்லை. என்னோடு வேலை பார்த்த டார்லா மெனுவைத் திறந்து, 'சங்கை இயக்கு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள். வழக்கம்போலத் திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடத் தொடங்கினான். வேலை முடிந்தால் கைகளை உயர்த்துவான்; முடியாவிட்டால் விழுவான்.

விழுந்துவிட்டான்.

"டேய், எந்திரிடா ராசா!" என்று கத்தினேன்.

"அது படம், வேட். அது எங்க எந்திரிக்கப் போகுது?" என்றாள் டார்லா.

அவன் எழுந்தான். திரையின் விளிம்பைத் தாண்டி ஓடி மறைந்தான். ஊர்க்கோடியில் சங்கு அலறியது. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஊரே நிலவறைகளுக்குள் இறங்கித் தப்பியது.

மறுநாள் காலை மெனுவைத் திறந்தோம். கைகளை உயர்த்தியபடி அவன் நின்றிருந்தான். முழங்கால்வரை ஈரச் செம்மண் அப்பியிருந்தது.