காரமான டெவலப்பர்

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. மேசைமேல், ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் இரண்டு வகைப் புட்டிகள் நிற்கின்றன. மென்மையானது கறுப்பையும் வெள்ளையையும் சாம்பல் நிறமாகக் குழைத்துவிடும். காரமானது இரண்டையும் வெட்டிப் பிரிக்கும். எங்கள் ஸ்டுடியோவின் வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகும் என் மகளின் படம், இன்னும் கழுவாத ஃபிலிமாக என் கையில் இருக்கிறது. அவள் கன்னத்திலும் கழுத்திலும் வெண்திட்டுகள் உண்டு. “மச்சான், மென்மையானதை ஊத்துங்க, திட்டு அமுங்கிடும். ஊரே பாக்குற இடம், குடும்ப மானம் போயிடும்” என்று மைத்துனன் என் முழங்கையைப் பிடிக்கிறான். பின்னால் நிற்கும் மகள் சிரிக்கிறாள். “தலைக்குச் சாயம் பூசிக்கிட்டுப் படத்துக்கு நிக்கிறது உங்க வழக்கம் மாமா. எனக்குக் காரமானதுதான் வேணும்.” நான் அவன் கையை விலக்குகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் முகத்தை ஒளித்துக்கொண்டு வாசலில் நின்றதில்லை. “மறைச்சாத்தான்டா மானம் போகும்” என்று காரமானதைத் தட்டில் ஊற்றுகிறேன். நெடி மூக்கைத் துளைக்கிறது. ஃபிலிமை அதில் அமிழ்த்தித் தட்டை மெல்ல ஆட்டுகிறேன். ஃபிலிமில் வெள்ளைதான் கறுப்பாக விழும்; அதனால் கண்ணும் மூக்கும் தெரிவதற்கு முன்பே அவளுடைய திட்டுகள் கன்னங்கரேலென்று எழுந்து வருகின்றன. மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். “அப்பா, பெட்டியில இருக்குறதுலயே பெரிய படமா இதைப் போடுங்க.”