பட்டியலில் கடைசிக் குரல்

பார்வையில்லாத அம்சவேணி டீச்சரின் கணினியில், திரையில் இருப்பதை ஒரு பழைய குரல் படித்துச் சொல்லி வந்தது. ஒருநாள் டீச்சர் மூன்று புதுக் குரல்களைக் கொண்டுவந்து சேர்த்தார். பழையது பட்டியலின் கடைசிக்குப் போனது.

"தகர டப்பாவுக்கு இனி ஓய்வுதான்" என்று புதியவை சிரித்தன.

டீச்சர் முதல் புதுக் குரலைப் போட்டார். திரையில், காலையிலிருந்து அவர் எழுதிய தமிழ் வினாத்தாள் இருந்தது. இன்னும் சேமிக்கவில்லை. புதுக் குரல்களுக்குத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாததால் அது வாயே திறக்கவில்லை. டீச்சர் பதறிப்போய்க் குரல் மாற்றும் விசையைத் தட்டினார். இரண்டாவதும் ஊமை. மூன்றாவதும் ஊமை. கணினி செத்துவிட்டதென்று நினைத்தார்; அவர் விரல் அணைக்கும் பொத்தானுக்குப் போனது.

"ஐயோ, எழுதியதெல்லாம் அழிந்துவிடும்! பெரியவரே, கத்துங்கள்!" என்றன மூன்றும்.

"என் முறை வராமல் எப்படியடா கத்துவேன்? இன்னும் ஒரே தட்டு, தாயே, ஒரே தட்டு..."

பொத்தான்மேல் இருந்த விரல் தயங்கியது. பிறகு திரும்பி வந்து, விசையை மறுபடி தட்டியது.

"சேமிக்கவில்லை!" என்று பழைய குரல் அலறியது. டீச்சர் உடனே சேமித்துவிட்டு மூச்சு விட்டார்.

"பிழைத்தோம், பெரியவரே" என்றன புதியவை.

"அது இருக்கட்டும். தகர டப்பா என்று சொன்னது உங்களில் யார்?"