முத்திரை போட்ட காகிதம்

பாலாற்று வெள்ளத்தில் மாதனூர்த் திட்டில் நாற்பது பேர் மாட்டிக்கொண்டார்கள். ரயில்வேக்கும் போலீசுக்கும் மிஷனுக்கும் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்த தாலுகா குமாஸ்தா ஏகாம்பரம், பதில் வராமல் கரைக்கே ஓடிவந்தார்.

அங்கே ரயில்வே வடம், போலீஸ் ஆட்கள், மிஷன் படகு மூன்றும் இருந்தன. கடைசி ஆள் கரையேறிக்கொண்டிருந்தான்.

"யார் உத்தரவு?"

ஏட்டு, தோல் கிடங்கு ஜியாவுல்லாவைக் காட்டினார். "சாயபுதான் தாசில்தார் உத்தரவைக் கொண்டாந்தாருங்க."

தாசில்தார்தான் நேற்றே வேலூர் போய்விட்டாரே! ஏகாம்பரம் சாயபுவைத் தனியே இழுத்துப்போனார்.

"கள்ள உத்தரவா? கம்பி எண்ணணும், தெரியும்ல? காட்டுங்க அதை."

நனைந்த காகிதம் வந்தது. முத்திரை அசல், தாசில்தார் கையெழுத்தும் அசல். அப்படியானால் கறுப்பு ஆடு ஆபீசுக்குள்ளேயே இருக்கிறது.

"யார் கொடுத்தது இதை?"

"நீங்கதான். போன மாசம்."

ஏகாம்பரம் பிரித்துப் படித்தார். ஆற்றில் தோல் கழுவிய குற்றத்துக்காக ஜியாவுல்லாவின் கிடங்கை மூடும்படி ஏகாம்பரமே எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கிய நோட்டீசு!

"இதை ஒருத்தரும் படிக்கலையா?"

"ரயில் ஸ்டேஷன் துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. துரையே வடம் குடுத்துட்டார்னு ஏட்டய்யா ஆளுங்களை அனுப்பினார். ரெண்டு பேரும் குடுத்தாச்சேன்னு பாதிரியார் படகை அவுத்துட்டார். திட்டுல இருந்தது நம்ம கிடங்கு ஆளுங்க சார். நான் பொய் சொல்லலை. முத்திரையைக் காட்டினேன், அவ்ளோதான்."

ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார். நோட்டீசை நாலாக மடித்துச் சாயபுவின் கையிலேயே திணித்தார்.

"பத்திரமா வெச்சிக்குங்க. மழை இன்னும் விடலை."