கேப்டனின் இரண்டு தட்டு

திரையில் கேப்டன் கப்பல் கதவை நோக்கி நடந்ததுமே, அரங்கில் இருந்த அத்தனை பேரும் வலது கையைத் தூக்கினார்கள்.

புறப்படுமுன் கேப்டன் கதவின் இரும்பை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், தர்பூசணி பழுத்திருக்கிறதா என்று பார்க்கிறவரைப் போல. அதற்குப் பிறகுதான் கப்பல் விண்ணில் கிளம்பும். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ரசிகர்களும் கூடவே முன் இருக்கையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். தட்டாதவர் ரசிகரே இல்லை, யாருக்கோ துணைக்கு வந்தவர்.

இன்று வெள்ளிவிழாச் சிறப்புப் படம். வீட்டு டிவியில் அல்ல, பெரிய திரையில்.

கேப்டன் தட்டினார்.

இடது கையால்.

தூக்கிய கைகளெல்லாம் அந்தரத்தில் நின்றுவிட்டன, ஓடும் பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவர்களின் கைகளைப் போல.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடரில் கன்டினியூட்டி பார்ப்பவள் அவள். முந்தைய காட்சியில் பாதி காலியான தம்ளர், அடுத்த காட்சியில் தானாக நிரம்பிவிடாமல் காவல் காப்பதுதான் பிழைப்பு. கேப்டனின் மேலங்கியில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் படப்பிடிப்பையே நிறுத்திவிடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் கழுகு. முகத்துக்கு முன்னால் மேடம்.

சிறப்புப் படத்தின் இயக்குநர் புதியவர். அவருக்கு எந்தக் கையானால் என்ன? படப்பிடிப்பு அன்று நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியவள் கழுகுதான். வாயையே திறக்கவில்லை.

இங்கே பத்துப் பேர் சேர்ந்து தப்பு என்று முடிவு கட்டினால் போதும். விடிவதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிடும். காலையில் தயாரிப்பாளர் கூப்பிட்டு, ஏன் விட்டாய் என்று கேட்பார். அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் போவது அவள் வேலை மட்டுமில்லை. ஆரம்பத்திலிருந்து கேப்டனாக நடித்துவரும் அந்தப் பழைய நடிகரேதான் அடுத்த பாகத்துக்கும் கேப்டனா என்பது இன்னும் முடிவாகவில்லை.

“யோவ், கை மாறிப்போச்சுய்யா! சொதப்பிட்டாங்க!” என்றது நடுவிலிருந்து ஒரு குரல்.

குரல் வந்த பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள் கழுகு.

மூன்றாவது வரிசையில் ஒரு பல் டாக்டர் எழுந்தார். பல் டாக்டர் என்பது அரங்குக்கே தெரியும். வாசலில் வரிசையில் நின்றபோதே ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கொடுத்து முடித்திருந்தார். கேப்டனின் மேலங்கியைப் போலவே ஒன்று தைத்துப் போட்டிருந்தார். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன.

“சொதப்பலா? இத்தனை வருஷத்துல ஒரு பொத்தான் மாறினது உண்டா? அது கேப்டனே இல்லய்யா!”

தன் வேலைக்கு இப்படியொரு நற்சான்று கிடைக்கும் என்று கழுகு நினைத்ததே இல்லை. அதுவும் இந்த நேரம் பார்த்து.

“உட்காருங்க.” டாக்டரின் மனைவி மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். “வீட்டுல பல்பு மாத்தத் தெரியல, இங்க வந்து கேப்டனையே மாத்துறாரு.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் இழுத்த கை பாதியிலேயே நின்றது. அந்த அம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள்.

“இருங்க, இருங்க… அந்தக் கண்ணாடிக் கிரகத்துல எல்லாமே இடம் வலம் மாறித்தானே இருந்துச்சு?”

கண்ணாடிக் கிரகம்! ஏதோவொரு பழைய பாகத்தில் கேப்டன் மாட்டிக்கொண்டு தப்பி வந்த இடம். தப்பி வந்தவர் அசல்தானா? யார் பார்த்தது? அரங்கம் தேன்கூட்டில் கல் விழுந்தாற்போல் இரைந்தது. அப்போ அசல் எங்கே? எப்போ மாத்துனாங்க? வகிடு எந்தப் பக்கம்? படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொதப்பல் என்று கத்தியவரே எழுந்து, தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கப்பல் வேறொரு கிரகத்தில் இறங்கி, மறுபடி கிளம்பத் தயாரானது. கேப்டன் கதவருகே வந்தார்.

இந்த முறை அரங்கம் முழுக்க இடது கைகள் எழுந்தன. கோணலும் மாணலுமாக, பழக்கமில்லாமல், பக்கத்து ஆளின் காதில் இடித்துக்கொண்டு.

கழுகு மெல்ல நழுவி வெளியே வந்தாள். சோளப்பொரி இயந்திரத்தின் ஓரமாக நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் கேப்டன். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டு, விழாவுக்கே வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“யாராச்சும் கவனிச்சாங்களாம்மா?”

“எல்லாரும் கவனிச்சாங்க சார். யாருக்கும் தெரியல.”

படப்பிடிப்பு நாட்களில் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலங்கியின் வலது கைக்குள் அவர் கையை நுழைத்துவிட்டவள் அவள்தான். விரல்களை மடக்கிப் பெல்ட்டில் மாட்டிவிட்டதும் அவள்தான். கேமராவில் அது மிடுக்காகத் தெரிந்தது. அந்தக் கை தானாக எழுந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

கண்ணாடிக் கிரகத்துக் கதையை அவரிடம் சொன்னாள். படத்தில் இருப்பவர் போலியாம். அசல் கேப்டன் எங்கேயோ சிறையில் இருக்கிறாராம். அடுத்த பாகத்தில் தப்பி வந்துவிடுவாராம்.



“அந்த அசல் ஆளுக்கு…” என்று தயங்கினார், “வலது கை வருமாம்மா?”

“வரும் சார். ஒரு பல் டாக்டர் அடிச்சுச் சொல்றாரு.”