கிணற்றில் இறக்கிய ஒளிமானி

கடலுக்குள் வெயில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பதுதான் தூத்துக்குடியில் எனக்கு வேலை. வெயில் எட்டும் வரைதான் பாசி. பாசியை நம்பித்தான் மீன். 1987 ஏப்ரலில், பழுது பார்த்த ஒளிமானியை ராஜபாளையத்துக்கு எடுத்து வந்து, எங்கள் வீட்டுக் கிணற்றில் உச்சி வெயிலில் சோதித்தேன்.

வயரில் கட்டி இறக்க இறக்க, மேலே என் கையிலிருந்த அளவுப்பெட்டியில் முள் ஒழுங்காக இறங்கியது. முப்பதடியில் தரை தட்டியது. அதன்பின் முள் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. மூன்று முறை. வானத்தில் மேகமில்லை.

“வயர் லூசா இருக்கும்,” என்றேன்.

“எந்தம்பி இப்படித்தான மூடித் தொறப்பான்?” என்றாள் மனைவி கிருபாபாய்.

மச்சினன் பொன்னுராஜ் எங்கள் படகில் தண்ணீருக்குள் இறங்குபவன். அடியில் வேலை முடிந்ததும் ஒளிமானியின் கண்ணாடியை உள்ளங்கையால் மூன்று முறை மறைப்பான். மேலே முள் விழுவதைப் பார்த்து அவனை இழுப்போம். ஜனவரியில் இறங்கியவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

“ஏட்டி, இது கெணறு. கடலு எங்கயோ கெடக்கு.”

“அன்னைக்கும் இப்படித்தான் யோசிச்சுக்கிட்டு நின்னியளாக்கும். இழுங்க.”

முள் மறுபடி மூன்று முறை விழுந்தது. அவளே வயரைப் பிடித்தாள். நானும் பிடித்தேன்.

உள்ளே விட்டது முப்பதடிதான். துவைகல்லைச் சுற்றி அதைப்போல நாலு மடங்கு வயர் ஈரமாகக் குவிந்துவிட்டது. இன்னும் வந்துகொண்டிருந்தது.

“கைய விட்டுராதிய,” என்றாள். “கனம் ஏறுது.”